முப்பத்தொன்றாம் அத்தியாயத்தின் மேல் ஒரு வரி

அவளை எல்லோரும் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில், டயர் கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் அவளுடைய கடை. ஜன்னலுக்கோ மேஜைக்கோ அளவு கொடுத்தால் வெட்டி, ஓரம் தேய்த்து, வீட்டுக்கே வந்து மாட்டித் தருவார்கள். வெட்டுவது அவள். வேன் ஓட்டுவதும் மாட்டுவதும் அவளுடைய தம்பி.

கடையை ஆரம்பித்தவர் அப்பா. அவரைக் கொன்றதும் அந்தக் கடைதான். லாரியிலிருந்து இறக்கும்போது கனமான பலகைகள் ஆறு ஒன்றாகச் சாய்ந்து அவரைச் சுவரோடு நசுக்கிவிட்டன. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தரையிலிருந்த ரத்தத்தை அவளே கழுவினாள். மறு வாரம் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அப்பாவிடம் அளவு கொடுத்திருந்தவர்களின் ஜன்னல்களை வெட்ட நின்றாள். "இவ பொண்ணா, கல்லா?" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாணப் பேச்சுகள் தட்டித் தட்டிப் போய், ஒரு நாள் வருவதும் நின்றுபோனது. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அவளுக்கு இருந்தது கதைப் பைத்தியம். மதியத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, ஒரு கையில் சோற்றுக் கரண்டியும் இன்னொரு கையில் போனுமாகத் தொடர்கதை படிப்பாள். பேய்க் கதை, துப்பறியும் கதை, காதல் கதை, எதுவும் விலக்கில்லை. அவளைப் போலவே பித்துப்பிடித்த தோழி ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். இருவரும் சேர்ந்து போனில் ஒரு வாசகர் குழு தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் தன் கதையை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே போடலாம், மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்லலாம். தொடங்கும்போது முப்பது பேர். ஏழாவது வருஷத்தில் நாற்பதாயிரம். சண்டை வந்தால் விலக்கிவிடுவதும், மீறினால் ஆளை வெளியேற்றுவதும் இவர்கள் இருவரின் வேலை.

அந்தக் குழுவின் நட்சத்திரம் 'புயல்' என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. வாரம் மூன்று அத்தியாயம் வரும். வந்த நிமிஷமே பத்தாயிரம் பேர் பாய்வார்கள். கண்ணாடிக்காரியும் பாய்ந்தவள்தான். கதாநாயகன் பணக்காரன், முரடன். ஒரு குடும்பத்தைப் பழிவாங்குவதற்காகவே அந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவன். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் அவன் கதவைத் தாழிட்டு, அவளை அறைந்து, வேண்டாம் என்று கதறுகிறவளைத் தன் இஷ்டப்படி நடத்துகிறான். முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் அவள் காலையில் எழுந்து, அவனுக்குத் தேநீர் போட்டுக்கொண்டுபோய் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்.

கீழே ஆயிரக்கணக்கில் சிவப்பு இதயங்கள். 'இவனல்லவா ஆம்பளை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கண்ணாடிக்காரிக்கு அந்த அத்தியாயம் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஆனாலும் பழக்கதோஷத்தில் அவளும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். இதைப் பின்னால் அவளே எல்லோரிடமும் சொல்வாள். மறைத்ததில்லை.

'மரங்கொத்தி' என்ற பெயரில் இருந்த ஒரு வாசகிதான் முதலில் எழுதினாள். "இதுக்குப் பேர் காதல் இல்ல. இது பலாத்காரம்." இரண்டே வாக்கியம்.

தேன்கூட்டில் கல் விழுந்தாற்போல் ஆனது. கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியாதா என்றார்கள். கொலைக்கதை படிக்கிறவர்கள் எல்லாம் கொலைகாரர்களா என்றார்கள். அதுவரை நியாயமான பேச்சுதான். அதற்குப் பிறகு வந்தது வேறு. உன்னையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டினால் தெரியும் என்று ஒருவன் எழுதினான். எத்தனை பேர் வரட்டும் என்று இன்னொருவன். மூன்றாமவன் அவளுடைய முகப்படத்தை எடுத்து, கழுத்தில் கத்தி வைத்தாற்போல் வரைந்து போட்டான். ஒருத்தி, 'உனக்கு ஏற்கெனவே நடந்துருச்சா, அதான் இவ்வளவு எரியுதா?' என்று கேட்டாள். அதன் கீழே நூற்றுக்கணக்கான சிரிப்பு முகங்கள். வெறும் கதை, வெறும் கதை என்று சொல்லிக்கொண்டே நிஜமான ஒருத்தியை நிஜமாகக் கிழித்தார்கள்.

கண்ணாடிக்காரி அன்று ஒரு கண்ணாடிக் கதவை வெட்டிக்கொண்டிருந்தாள். போன் விடாமல் அதிர்ந்தது. எரிச்சலில் மொத்த விவாதத்தையும் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு அறிவிப்புப் போட்டாள்: 'இந்த மாதிரி விஷயத்தைப் பற்றி இனி இந்தக் குழுவில் யாரும் எழுதக்கூடாது. ஆதரவாகவும் கூடாது, எதிர்ப்பாகவும் கூடாது.' பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது என்பது அவள் கணக்கு.

மரங்கொத்தியிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "அடிச்சவங்க வாயையும் மூடிட்டீங்க, அடிபட்டவ வாயையும் மூடிட்டீங்க. அந்த அத்தியாயம் மட்டும் அப்படியே இருக்கு. நல்லா இருங்க அக்கா." பிறகு அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் அமைதி. அடுத்து ஒரு புதுப் பெயரில் சின்னக் கதை ஒன்று வந்தது. ஒரு பெண், தனக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு வருகிற நாற்பது நாட்களைச் சொல்கிறாள். நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி. மீதியெல்லாம் பல் தேய்ப்பது, பஸ் ஏறுவது, யாராவது பின்னால் இருமினால் உடம்பு விறைத்துப்போவது. ஒரு காட்சியில் அவள் சமையலறைச் சுவரில் தன் முழங்கையை எலும்பு தெரியும்வரை இடித்துக்கொள்கிறாள். கண்ணாடிக்காரியால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை. அதற்குள் புகார்கள் குவிந்தன. 'நீங்க போட்ட சட்டம்தானே அட்மின் அக்கா, இதுக்குச் செல்லாதா?' என்று புயலின் ரசிகர்கள் கேட்டார்கள். சட்டம் சட்டம்தான். அழித்தாள்.

ஐந்து நிமிஷத்தில் நர்ஸ் போன் செய்தாள்.

"என் கதையை ஏன்டி தூக்குன?"

"அது... நீயா எழுதுன?"

"ஆமா. வேற பேர்ல போட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல? அது... அதெல்லாம் நிஜமாடி? உனக்கா?"

எதிர்முனையில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தமும் யாரோ அலறும் சத்தமும் கேட்டன. நர்ஸ் அவசரமே இல்லாமல் பேசினாள்.

"நிஜம்னா வைப்ப, கதைன்னா எடுப்பியா? காயத்தைத் திறந்து காட்டினாதான் உள்ள விடுவியா? நான் தினமும் இங்க பாக்குறேன். எங்கிட்ட வர்றவளுங்க சேலையில ரத்தத்தோட வந்தும் மாடிப்படியில விழுந்தேன்னுதான் சொல்றாளுங்க. ஏன் தெரியுமா? நீ இப்ப கேட்ட பாரு, அந்தக் கேள்விக்குப் பயந்து."

"தெரியாம கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுக்கோ. எழுதுறவளைக் கேக்காதே. எழுதினதைப் படி."

அவள் வைத்துவிட்டாள். அது அவளுக்கு நடந்ததா, பார்த்ததா, கற்பனையா என்று கண்ணாடிக்காரிக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு கேட்டதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடையின் வெட்டுமேஜைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே புதுச் சட்டம் எழுதினார்கள். புயலின் கதையை அடியோடு தூக்கிவிட வேண்டும் என்று முதலில் குதித்தவள் கண்ணாடிக்காரி. நர்ஸ்தான் தடுத்தாள். "அதைத் தூக்கினா நாளைக்கு என்னோடதையும் தூக்கணும். எழுதக்கூடாதுன்னு நாம சொல்ல வேணாம். அது என்னன்னு பேர் சொல்லுவோம், அவ்வளவுதான்." கடைசியில் தேறியது இது. இப்படிப்பட்ட காட்சி வரும் அத்தியாயத்தின் மேல் ஒரு வரி எச்சரிக்கை இருக்கும். அதைப் பற்றிய விவாதத்துக்குக் குழுவுக்குள்ளேயே தனி அறை இருக்கும்; விரும்பியவர்கள் மட்டும் உள்ளே போகலாம். கதையை எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம், எழுதினவரையோ படித்தவரையோ கிழிக்கக்கூடாது. உனக்கு நடந்ததா என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. மிரட்டினால் மறுபேச்சில்லாமல் வெளியே.

மரங்கொத்திக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள் கண்ணாடிக்காரி. பதில் வரவில்லை. நர்ஸின் கதையைத் திரும்பப் போட்டாள். பிறகு புயலின் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, தலைப்புக்கு மேலே தட்டினாள்: 'இந்த அத்தியாயத்தில் பலாத்காரம் இருக்கிறது.'

ஒரே ஒரு வரி. அதற்குத்தான் அத்தனையும் வந்தது.

புயல் எழுதினார்: 'என் நாயகன் அவளுடைய கணவன். கணவன் மனைவிக்கு நடுவில் அந்த அசிங்கமான வார்த்தை எங்கிருந்து வந்தது? என் எழுத்தின் நெற்றியில் சாணி அடித்திருக்கிறார்கள். என் வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.' வாசகர்கள் பார்த்துக்கொண்டார்கள். கடையின் பெயர்ப்பலகை, தெரு, கடை எண் எல்லாம் போட்டோவோடு ஊர் சுற்றின. அவள் போனுக்கு ஒரு நாளில் நானூறு அழைப்பு. எடுத்தால் மூச்சுவிடும் சத்தம், அல்லது காது கூசும் வசவு. கல்யாணம் ஆகாதவள் என்று தெரிந்ததும் அதை வைத்துப் பேசினார்கள்.

"அக்கா, அந்த ஒரு வரியைத் தூக்கித் தொலையேன்," என்றான் தம்பி. "வேலியில போற ஓணானை எடுத்து ஏன் மடியில விட்டுக்குற? நமக்கு ஜன்னல் வெட்டத் தெரியும். இதெல்லாம் நமக்கெதுக்கு?"

"தூக்கினா விட்ருவாங்களா?"

"விட்ருவாங்க."

"அப்ப அதுக்காகவே தூக்க மாட்டேன்," என்றாள். அவளிடம் அந்தப் பிடிவாதம் பிறவியிலேயே உண்டு.

மூன்றாம் நாள் மதியம். தம்பி பின்பக்கம் வேனில் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருந்தான். வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. ஒருவன் தாடிக்காரன், இன்னொருவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. தாடிக்காரன் கையில் டயர் கழற்றும் இரும்பு.

"நீதான் அட்மினா?"

"ஆமா. என்ன வேணும்?"

அவன் பதில் சொல்லவில்லை. இரும்பை ஓங்கிச் சாய்வுத் தாங்கியில் நின்ற பலகைகளின் மேல் இறக்கினான். இருபத்தைந்து வருஷம் கண்ணாடியோடு வாழ்ந்தவளுக்கும் அப்படி ஒரு சத்தம் புதிது. முதல் பலகை நொறுங்கி விழுவதற்குள் இரண்டாவது, மூன்றாவது. உடைந்த துண்டுகள் கத்திகளாகச் சரிந்தன. முகத்தை மறைக்க அவள் இடது கையைத் தூக்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒன்று இழுத்துக்கொண்டு போனது. வலி தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்காரன் அவள் முடியைப் பிடித்து வெட்டுமேஜையில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. "சொல்லு, பலாத்காரம்னா என்னன்னு சொல்லு," என்று காதருகே உறுமினான். அவன் கை அவள் ரவிக்கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. துணி கிழிந்தது.

மேஜையில் அளவு போடும் இரும்புச் சட்டம் கிடந்தது. ஒரு ஆள் உயரம். வலது கைக்கு அது எட்டியது. திரும்பாமலே பின்னோக்கி வீசினாள். ஹெல்மெட்டில் பட்டு அவன் தடுமாறினான். இரண்டாவது வீச்சு முழங்காலில். அவன் நொண்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். தாடிக்காரனும் ஓடத்தான் பார்த்தான். ஆனால் தரையெல்லாம் கண்ணாடிச் சில். வழுக்கி விழுந்தான். அவள் அவன் மேல் நின்று அடித்தாள். இரும்பைப் பிடித்திருந்த அவன் கையின் எலும்பு முறிந்தது. அவள் நிறுத்தவில்லை. தோளில், விலாவில், முதுகில். "அக்கா போதும், விட்டுருங்கக்கா," என்று அவன் கத்தினான். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. விழுந்த பிறகும் மூன்று அடி அடித்தாள். தம்பி ஓடிவந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கியபோதும் அவள் கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு தாடிக்காரனைக் கேட்டார். "என்னடா கதை அது? அதுல என்னடா இருக்கு?"

"நான் படிக்கலைங்க சார்."

"படிக்காமயாடா இவ்வளவும்?"

"எல்லாரும் போட்டாங்க சார். பாத்தேன். கோவம் வந்துச்சு."

ஹெல்மெட்காரன் அன்றைக்கே காணாமல்போனவன், பிடிபடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கையைத் தைக்கும்போது பக்கத்தில் நின்றவள் நர்ஸ். நாற்பத்து நாலு தையல். நரம்பு அறுந்ததால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இனி மடங்காது என்றார் டாக்டர். கண்ணாடிக்காரி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அவன் போதும்னு சொன்னான்டி," என்றாள் மெதுவாக. "அப்புறமும் அடிச்சேன். நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

நர்ஸ் நூலை வெட்டினாள். "பயப்படு. நல்லதுதான்."

இதற்குள் குழுவில் வேறு கூத்து. அவள் பக்கத்து ஆட்கள் கொதித்தெழுந்திருந்தார்கள். தாடிக்காரனுக்கு மனைவி இருக்கிறாளாம், அவளுக்கு அப்படிச் செய்தால்தான் அவனுக்குப் புரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜெயிலில் அவனையே ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இன்னொருவர் நாக்கில் எச்சில் ஊற எழுதியிருந்தார். அதற்கும் இதயங்கள், அதற்கும் சிரிப்பு முகங்கள். கட்டுப்போட்ட கையோடு, ஒற்றைக் கட்டைவிரலால் கண்ணாடிக்காரி அவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். 'உங்களுக்காகத்தானே பேசினோம்!' என்று தனிச் செய்தியில் அழுதார்கள். 'எனக்காக அதைப் பேசாதீங்க' என்று எல்லோருக்கும் ஒரே பதில் போட்டாள்.

புயல் தனிக்குழு தொடங்கினார். இருபத்தாறாயிரம் பேர் பின்னாலேயே போனார்கள். எண்பதாவது அத்தியாயத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பொல்லாத கிழவி வந்தாள். எண்பத்தொன்றில் உறுதிக்காகச் சூடேற்றிய கண்ணாடி ஒன்று அவள் தலையில் விழுந்து, கத்தித் துண்டுகளாக உடைந்து அறுத்துச் செத்தாள். கண்ணாடிக்காரி அதையும் தேடிப்போய்ப் படித்தாள். "சூடேத்துன கண்ணாடி அரிசி மாதிரி உதிரும், இப்படித் துண்டா அறுக்காது. விசாரிச்சு எழுதக் கூடாதா?" என்று தம்பியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பு, கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கண்ணாடி வாங்க வந்தவள் மாதிரி அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "நான் அவரோட வீட்டுக்காரி," என்றாள். எவரோட என்று கேட்கத் தேவையில்லாதபடி, ஸ்டேஷனில் தாடிக்காரனோடு அவளைப் பார்த்திருந்த தம்பி எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றான்.

"வாபஸ் வாங்கச் சொல்லி அனுப்புனானா?" என்றான்.

"ஆமா. அனுப்புனாங்க." அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கதை படிக்கிறது நான்தான் அக்கா. அவரு இல்ல. நீங்க அந்த வரியைப் போட்ட அன்னைக்கு நான் அழுதுட்டு இருந்தேன். ஏன்டி அழுறன்னாரு. கதையைக் கெடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான். பைக்கை எடுத்துட்டாரு."

"கதை போச்சேன்னா அழுத?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. முந்தானை நுனியைத் திருகினாள். பிறகு தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடிக்காரி கண்ணைக் காட்ட, அவன் பின்பக்கம் போனான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த முப்பத்தொண்ணுக்கு மேல போட்டீங்களே ஒரு பேரு. அது... கட்டின புருஷன் பண்ணாலும் அதே பேருதானா?"

கண்ணாடிக்காரியின் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே விழுங்கினாள்.

"அதே பேருதான்மா," என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது. தண்ணீரைக் குடித்து முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"அப்ப முப்பத்திரண்டுல அவ தேநீர் கொண்டுபோய்ச் சிரிக்கிறாளே, அது?"

"அது புயல் எழுதினது. நீ அதைச் செய்ய வேண்டியதில்ல."

ஆஸ்பத்திரி நர்ஸின் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைச் செருப்புக்குள் மடித்து வைத்துக்கொண்டு, வாபஸ் பற்றி வாயே திறக்காமல் எழுந்து போனாள்.

வழக்கு வாபஸ் ஆகவில்லை. தாடிக்காரனுக்கு இரண்டு வருஷம் தண்டனை. அவனை அடித்ததற்காகக் கண்ணாடிக்காரிமேல் அவனுடைய அண்ணன் ஒரு எதிர்வழக்குப் போட்டான். நீதிபதி, கீழே விழுந்த பிறகும் அடித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அபராதம் விதித்தார்கள், கட்டினாள். தீர்ப்பன்று தாடிக்காரனின் வீட்டிலிருந்து அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். மனைவி வரவில்லை. அவள் எங்கே என்று கண்ணாடிக்காரி நர்ஸிடம் கேட்டாள்.

"போன் பண்ணாளா?"

"என்கிட்ட போன் பண்றவங்களைப் பத்தி நான் உன்கிட்ட சொல்றதில்ல," என்றாள் நர்ஸ்.

குழுவில் இப்போது பதிமூன்றாயிரம் பேர் இருக்கிறார்கள். தனி அறையில் எந்நேரமும் நானூறு, ஐந்நூறு பேர் ஏதாவது ஒரு கதையைப் போட்டுப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். போன வாரம்கூட, கொடுமைக்காரனின் பார்வையிலேயே எழுதப்பட்ட கதை ஒன்றைக் குழுவில் வைப்பதா கூடாதா என்று கண்ணாடிக்காரிக்கும் நர்ஸுக்கும் போனில் பெரிய சண்டை. மடங்காத இரண்டு விரல்களையும் நீட்டிக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி, "படிச்சு முடிச்சுட்டுத்தான் பேசுறியாடி, இல்ல பாதியிலயா?" என்று அவள் கத்தியது பெயிண்ட் கடைவரை கேட்டது.